காணாமல் போகாத சிறுமியைப் பற்றி ஓர் அறிவிப்பு

ஜெர்மனியில் இருக்கும்போது ஜெர்மனியைத் திட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். ரயில் தாமதம், டாக்டரைப் பார்க்க இரண்டு மாதக் காத்திருப்பு, ஞாயிற்றுக்கிழமை ஊரே கதவடைத்துக் கிடப்பது, எதற்கெடுத்தாலும் தபாலில் வரும் கடிதம் என்று காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை எனக்குப் பேச விஷயம் இருக்கும். அப்படிப்பட்ட நான் டெக்சாஸில் போய் இறங்கி, பத்து நாளும் அந்த நாட்டுக்கு வக்கீலாக வாதாடிவிட்டு வந்திருக்கிறேன். யாரும் என்னை நியமிக்கவில்லை. வாயைக் கிளறினார்கள், அவ்வளவுதான்.

போன காரியம் இதுதான். என் கணவர் குமாரின் கம்பெனிக்கு டெக்சாஸில் பிளானோவிலும் ஓர் ஆபீஸ் உண்டு. அங்கே மாறி வர விருப்பமா என்று கேட்டிருந்தார்கள். பிளானோவிலிருந்து அரைமணி நேரக் கார் தூரத்தில் காப்பெல் என்ற ஊரில் என் அக்கா மங்கை பதினாறு வருடமாக இருக்கிறாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எங்களுக்கு நாங்கள் இரண்டு பேர்தான். செய்தி கேட்ட நாளிலிருந்து அக்கா தினமும் போன் பண்ணி அழுகையும் சிரிப்புமாக, எங்கள் தெருவிலேயே ஒரு வீடு விலைக்கு வருகிறது என்றாள். குமார் என் பக்கம் திரும்பி, "நீ போய் இருந்து பார்த்துட்டு வா. நீ சரின்னு சொன்னா நான் சரின்னு எழுதிடுறேன்" என்று சொல்லிவிட்டார். இப்படிப் பெருந்தன்மையாகப் பொறுப்பைத் தலையில் கட்டுகிற ஆண்களை என்ன செய்வது? ஈஸ்டர் விடுமுறையில் என் மகள் நிலாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். நிலாவுக்கு ஒன்பது வயது.

விமான நிலையத்திலிருந்து அத்தான்தான் கூட்டி வந்தார். கார் தானே ஓடியது. அத்தான் ஸ்டியரிங்கில் கையை வைக்காமல் என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "உங்க ஊர்ல இன்னும் ஃபேக்ஸ் மெஷின் இருக்காமே?" என்றார்.

"இருக்கு அத்தான். நீங்க கொஞ்சம் ரோட்டைப் பாருங்க" என்றேன்.

வீட்டுக் கதவு போனில் திறந்தது. வாசல் மணிக்குள் ஒரு கேமரா இருந்தது. நாங்கள் படியேறுவது அக்காவின் போனில் தெரிய, அவள் கதவைத் திறக்கும் முன்பே உள்ளேயிருந்து "வாங்க வாங்க" என்று மணியே பேசியது. அக்காவைக் கட்டிக்கொண்டேன். அவள் மெலிந்திருந்தாள். அவளுடைய ஒரே மகள் ஆஸ்டினில் கல்லூரியில் படிக்கிறாள். கீழே நான்கு அறை, மேலே மூன்று அறை, சமையலறையில் ஒரு ஃபிரிட்ஜ், கராஜில் ஒரு ஃபிரிட்ஜ், இருப்பது இரண்டு பேர்.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கே விழித்துக்கொண்டோம். விடிந்ததும், மூலையில் இந்தியன் கடை இருக்கிறதென்று அக்கா சொன்னது ஞாபகம் வந்து, நிலாவும் நானும் நடந்து கிளம்பினோம். தெருவுக்குள் நல்ல நடைபாதை இருந்தது. புல்வெளியெல்லாம் ஒரே உயரம். ஆனால் மனித நடமாட்டமே இல்லை. முதலில் ஒரு கார் நின்றது. ஓட்டி வந்த பெண்மணி கண்ணாடியை இறக்கி, "கார் ரிப்பேரா? உதவி வேண்டுமா?" என்று கேட்டாள். இல்லை, நடக்கிறோம் என்றேன். புரியாமல் சிரித்துவிட்டுப் போனாள். இரண்டு நிமிடத்தில் இன்னொரு கார். அவரும் அதையே கேட்டார். மூன்றாவது ஆள் தண்ணீர் பாட்டிலே நீட்டினார்.

"அம்மா, இங்க எல்லாரும் ரொம்ப நல்லவங்க" என்றாள் நிலா. மறுக்க முடியாது. எங்கள் ஊரில் நான் தலைகீழாக நடந்தாலும் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

கடை எட்டு நிமிட நடை. பெரிய சாலையைக் கடக்க வேண்டியதில்லை. உள்ளே போனதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கறிவேப்பிலை கட்டுக் கட்டாகக் கிடந்தது. ஸ்டுட்கார்டில் பத்து வாடிய இலையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருவார்கள். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜி எல்லாம் இருந்தது. அந்த நிமிடத்தில் குமார் போன் பண்ணியிருந்தால், சரியென்று எழுதிவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

திரும்பி வந்தபோது அக்கா கையில் கார் சாவியோடு வாசலில் நின்றாள். "நடந்தா போனீங்க? சொல்லியிருந்தா டிராப் பண்ணியிருப்பேனே. இங்க யாரும் நடக்க மாட்டாங்கடி."

"ஏன்?"

அவள் யோசித்தாள். "நடக்க மாட்டாங்க, அவ்வளவுதான்."

ஞாயிறு மத்தியானம் அக்கா வீட்டில் பாட்லக். ஐந்தாறு தமிழ்க் குடும்பங்கள் ஆளுக்கொரு பதார்த்தத்தோடு வந்தார்கள். அக்கா எங்கள் திருநெல்வேலி சொதி வைத்திருந்தாள். இரண்டு வீடு தள்ளியிருக்கும் குடும்பம் அரிசிம்பருப்பு சாதம் கொண்டுவந்தது. அவர்களோடு வந்தவர்தான் பழனிசாமி அங்கிள். கோபிசெட்டிபாளையத்துக்காரர், மகனோடு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்தவர். வெள்ளைச் சட்டை, கையில் டேப்லெட். தட்டை நீட்டும்போதுகூட அந்த டேப்லெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, ஜெர்மனியில இப்பப் பொம்பளைங்க வெளிய தலைகாட்ட முடியறதில்லையாமா?"

"யார் சொன்னாங்க அங்கிள்?"

"வீடியோவே இருக்குதுங்க." டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். 'ஜெர்மனி முடிந்தது' என்று சிவப்பில் எழுதி, பக்கத்தில் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டிருந்தார். பின்னணியில் தெரிந்த ஜன்னலும் காலண்டரும் நம் ஊர் வீட்டினுடையவை.

அப்புறம் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே இன்டர்நெட்டே கிடைக்காதாமே, கார்டு வாங்க மாட்டார்களாமே, யாரும் சிரிக்க மாட்டார்களாமே, ரயிலில் கத்தியோடு திரிகிறார்களாமே. இதில் பாதியை நானே அக்காவிடம் போனில் புலம்பியிருக்கிறேன். அவள் மூலமாகத்தான் இந்தத் தெருவுக்கே பரவியிருக்கும். ஆனாலும் எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. என் வீட்டுச் சுவரை நான் கரித்துக்கொட்டலாம், விருந்தாளி கொட்டக் கூடாது.

"சிரிக்க மாட்டாங்க, உண்மைதான். எங்க கீழ்வீட்டம்மா பதினோரு வருஷத்துல ரெண்டு தடவை சிரிச்சிருக்காங்க. ஆனா மாடிப்படியில நோட்டீஸ் ஒட்டுவாங்க. 'வெள்ளிக்கிழமை என் பிறந்தநாள், சத்தம் கேட்கும், மன்னிக்கவும்.' 'குழந்தையின் சைக்கிள் வழியை அடைக்கிறது, எடுக்கவும்.' கடைசியில நட்பார்ந்த வணக்கங்களுடன்னு முடிப்பாங்க. சண்டைன்னா சண்டை, சமாதானம்னா சமாதானம், எல்லாம் எழுத்துல. ரயில்வே ஸ்டேஷன்ல கத்திக்குத்துன்னு செய்தி வருது, அதுவும் உண்மை. என் பெயரைக் கேட்டதும் வீடு வாடகைக்கு இல்லைன்னு சொன்னவங்களும் இருக்காங்க. ஆனா எங்க ஊர்ல செய்தி ராத்திரி எட்டு மணிக்குப் பதினஞ்சு நிமிஷம், ரேஷன் கடை விலைப்பட்டியல் மாதிரி ஒருத்தர் வாசிப்பார். பார்த்தாலும் பார்க்காட்டியும் வீட்டுக்கு வீடு அதுக்குக் கட்டணம் கட்டணும். திட்டிக்கிட்டேதான் கட்டுறோம். ஆனா அதைப் பார்த்து எனக்கு ரத்தக்கொதிப்பு வந்ததில்லை. மறுநாள் காலைல என் மக தனியா நடந்து ஸ்கூலுக்குப் போறா."

கரண்டிகள் நின்றன.

"தனியாவா?" என்றாள் ஒரு பெண்.

"முதல் வகுப்புல இருந்து."

பழனிசாமி அங்கிள் தலையை ஆட்டி, "தப்புங்க. அங்க நாடே கெட்டுப் போச்சுதுங்க" என்றார். அதற்குப் பிறகு பேச்சு வீட்டு வரி பக்கம் போய்விட்டது.

திங்களும் செவ்வாயும் அக்கா லீவு போட்டு என்னைப் பிளானோ முழுக்கச் சுற்றிக் காட்டினாள். குமாரின் ஆபீஸ் இருக்கும் வளாகம், நல்ல பள்ளிக்கூடம், மூலைக்கு மூலை நம்மூர் டிபன் கடை. பொடி தோசை அபாரம். சாலையோரம் நீலப் பூக்கள் பூத்துக் கிடந்தன. காரை நிறுத்தி, பூக்களுக்கு நடுவில் குழந்தைகளை உட்காரவைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டெக்சாஸ்காரர்கள் மொத்தமாகக் காரைவிட்டு இறங்கி நான் பார்த்தது அங்கேதான். ஒரு கடை வாசலில், துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்து வரக் கூடாது என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் எழுதியிருந்தது. நிலா எழுத்துக்கூட்டிப் படித்தாள். "அப்ப மறைச்சு எடுத்துட்டு வரலாமா பெரியம்மா?" அக்கா அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள்.

அக்கா ஆசைப்பட்டுக் காட்டினாள் என்பதை நான் மறந்துவிடவில்லை. தெருவில் விலைக்கு வந்த வீட்டுக்குக் கூட்டிப்போய், "இதுதான் நிலா ரூம்" என்று ஜன்னலைத் திறந்து காட்டினாள். எனக்கும் மனசு பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள் என்று குமாருக்குச் செய்தி அனுப்பினேன்.

புதன்கிழமை லேசான தூறல். அக்கா மாடியில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். நான் ரசம் கூட்டிவிட்டுப் பார்த்தால் கொத்தமல்லி இல்லை. நிலா சும்மா உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊரில் சனிக்கிழமை காலையில் ரொட்டிக்கடைக்குப் போய்ச் சின்ன ரொட்டி வாங்கி வருவது அவள் வேலை. இந்த மூலைக்கடைக்கு என்னோடு மூன்று தடவை நடந்திருக்கிறாள். துணிப்பையைக் கொடுத்து, "ஒரு கட்டு கொத்தமல்லி" என்றேன். மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினாள். நான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது, எட்டு நிமிடம்.

அரைமணி ஆயிற்று. ரசத்தை இறக்கினேன். நாற்பது நிமிடமானதும் செருப்பைத் தேடினேன். அப்போது மணி அடித்தது. கதவைத் திறந்தால் நிலா, கையில் கொத்தமல்லி, பக்கத்தில் ஆறடியில் ஒரு போலீஸ்காரர். வாசலில் விளக்கு சுழன்றுகொண்டிருக்கும் கார்.

"மேடம், இது உங்கள் மகளா?"

"ஆமாம். என்ன ஆச்சு?"

"ஒரு குழந்தை தனியாக நடந்து போகிறது என்று போன் வந்தது."

"ஆமாம், கடைக்குத்தான் போனாள்."

"தனியாக."

"ஆமாம். தனியாக."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் மரியாதையான ஆள், அதைச் சொல்லத்தான் வேண்டும். "இது சட்டப்படி குற்றமா?" என்று கேட்டேன். "அப்படி நான் சொல்லவில்லை மேடம். யாராவது கூப்பிட்டால் நாங்கள் வந்து பார்த்தாக வேண்டும்" என்றார். நிலாவுக்குப் போலீஸ் நட்சத்திரம் போட்ட ஸ்டிக்கர் ஒன்று கொடுத்தார். என் பெயரைக் குறித்துக்கொண்டார். அதற்குள் அக்கா மாடியிலிருந்து ஓடி வந்து, அவரிடம் ஏழெட்டுத் தடவை ஸாரி சொன்னாள். நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அவர் போனதும் அக்கா என் மேல் பாய்ந்தாள். பதினாறு வருடத்து அமெரிக்கத் தமிழ் உதிர்ந்து அவளுக்குள்ளிருந்து எங்கள் ஊர் வந்தது. கோபம் வந்தாலும் மனசு இளகினாலும் அவளுக்கு அப்படித்தான்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? பச்சப்பிள்ளைய ரோட்டுல விட்டுட்டு ரசம் வச்சிக்கிட்டு இருக்கியே ஏட்டி! குழந்தைகள் நலத்துறைக்குப் போன் பண்ணியிருந்தா என்ன ஆயிருக்கும்? நீ பிளேன் ஏறிப் போயிருவ. நாங்கல்லா இங்க இருக்கணும்!"

"எட்டு நிமிஷ நடைக்கா!"

"இது ஒன் ஜெர்மனி இல்ல!"

"ஜெர்மனி முடிஞ்சு போச்சுன்னு ஞாயித்துக்கிழமை எல்லாரும் சொன்னீங்களே. முடிஞ்சு போன நாட்டுல என் பிள்ளை தனியா நடக்கா. இங்க, உலகத்துலயே நல்ல ஊர்ல, ஒரு கட்டு கொத்தமல்லிக்குப் போலீஸ் வருது!"

நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். கேமராவில் பதிவாகியும் இருக்கும். அக்கா தன் போனை எடுத்து என் முன்னால் வைத்தாள். அந்தக் குடியிருப்புக்காரர்கள் எல்லோரும் சேர்ந்திருக்கும் ஒரு செயலி. யாரோ தங்கள் வாசல் கேமராவிலிருந்து படம் போட்டிருந்தார்கள். தூறலில் முதுகு காட்டி நடக்கும் மஞ்சள் கோட்டு. 'இந்தக் குழந்தையை யாருக்காவது தெரியுமா?' கீழே கருத்துகள் நீண்டுகொண்டே போயின. கடத்தலாக இருக்கலாம் என்றார் ஒருவர். பெற்றவர்கள் வெட்கப்பட வேண்டும் என்றார் இன்னொருவர். 'குழந்தை மிகத் தெளிவாக நடக்கிறாள், அதுதான் சந்தேகமாக இருக்கிறது' என்று மூன்றாமவர் எழுதியிருந்தார். வாசல்தோறும் கேமரா வைத்துப் பார்த்தவர்களில் ஒருவர்கூட வாசலைத் திறந்து, "பாப்பா, எங்கே போகிறாய்?" என்று கேட்கவில்லை.

இதையெல்லாம்விட மோசமானது வியாழக்கிழமை நடந்தது. இங்கே தபால்காரர் வீட்டுக்கு வருவதில்லை. தெருமுனையில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஓர் இரும்புப் பெட்டி வரிசை. நூறு அடி தூரம்தான், அதற்கும் காரில் வந்து நிறுத்தி எடுத்துக்கொண்டு போகிறார்கள். நிலாவுக்கு அந்தச் சின்னச் சாவியைப் போட்டுத் திறப்பது பிடிக்கும். அன்று சாவியை நீட்டியபோது அவள் வாங்கவில்லை.

"நீயும் வா."

"ஏன்டா?"

அவள் ஜெர்மனில்தான் கேட்டாள். முக்கியமான விஷயமென்றால் அவளுக்கு அந்த மொழிதான் வரும். "அம்மா, வெளியே என்ன இருக்கிறது? எனக்குச் சொல்லாமல் எதையாவது மறைக்கிறாயா?"

இந்தப் பிள்ளைக்குப் போலீஸ் என்றால், நான்காம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கு வந்து சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்துப் பரீட்சை வைத்த மாமா. அந்தப் போலீஸ்காரர் காரை நிறுத்தியபோதுகூட அவள் பயப்படவில்லையாம். சைக்கிள் பரீட்சை மாதிரி, கை காட்டித் திரும்பினேனா என்று பார்க்கத்தான் வந்தார் என்று நினைத்தாளாம். பயம் அவளுக்கு வந்தது பெரியவர்களின் முகத்தைப் பார்த்து. அதில் என் முகமும் ஒன்று. வேலை மாறுவதும் வீடு வாங்குவதும் அப்புறம். இந்தப் பயத்தைப் பெட்டியில் வைத்து ஊருக்கு எடுத்துப்போக மாட்டேன் என்று முடிவு பண்ணினேன்.

வெள்ளிக்கிழமை காலை அக்காவிடம் ஒரு வெள்ளைத்தாளும் தடித்த பேனாவும் கேட்டேன். எங்கள் கீழ்வீட்டம்மா எப்படி எழுதுவாரோ அப்படியே, ஆங்கிலத்தில் எழுதினேன்.

'அக்கம்பக்கத்தாருக்கு வணக்கம். நாளை சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் மகள் நிலா, வயது ஒன்பது, மஞ்சள் கோட்டு, தனியாக நடந்து மூலைக்கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு திரும்புவாள். அவள் காணாமல் போகவில்லை. அவளுக்கு வழி தெரியும். தயவுசெய்து போலீசைக் கூப்பிட வேண்டாம். நீங்கள் கையசைத்தால் அவளும் கையசைப்பாள். நட்பார்ந்த வணக்கங்களுடன், நிலாவின் அம்மா.'

அக்கா படித்துவிட்டு நெற்றியில் கைவைத்தாள். "இதை எங்க ஒட்டப் போற?"

"தபால் பெட்டியில. எல்லாரும் வர்ற ஒரே இடம் அதுதானே."

"குடியிருப்புச் சங்கத்துல இருந்து லெட்டர் வரும். பெர்மிஷன் இல்லாம எதுவும் ஒட்டக் கூடாது. அதோட, பிள்ளை தனியா வருதுன்னு விளம்பரம் பண்ணியா அனுப்புவ?"

"அதுக்காகத்தான் ஒட்டுறேன். தெரு முழுக்கப் பார்த்துக்கிட்டு இருக்கும்லா. கேமராவுல பார்க்கிறதை வெளிய வந்து பார்க்கட்டும்."

நிலா தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அவள் முகம் மெல்ல மாறியது. நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டால் அது நடந்தே தீர வேண்டும் என்பது அவள் வளர்ந்த ஊரின் வழக்கம். பேனாவை வாங்கிக் கீழே அவளே ஒரு வரி சேர்த்தாள். 'நான் காரில் ஏற மாட்டேன். கேட்டதற்கு நன்றி.' அப்புறம் சாவியை அவளே எடுத்துக்கொண்டாள். ஒட்டும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் மணி அடித்தது. பழனிசாமி அங்கிள். அன்றைக்கு டேப்லெட் இல்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நாந்தானுங்க அம்மிணி" என்றார்.

"எது அங்கிள்?"

"அன்னைக்குப் பாத்தது. நாள் பூராவும் அந்தக் கேமராவத்தான் பாத்துட்டு ஒக்காந்திருக்கறனுங்க. வேறென்ன வேலை? ஒரு கொழந்தை ஒத்தையில போகுதேன்னு பதறி மகனுக்குப் போன் போட்டனுங்க. அவன் ஆபீஸ்ல இருந்து போலீசுக்குச் சொல்லீட்டான். தொப்பி போட்டிருந்துச்சுங்களா, முகம் தெரியல. நம்ம புள்ளைன்னு தெரிஞ்சிருந்தா பேசாம இருந்திருப்பனுங்க."

"யார் பிள்ளையா இருந்தா என்ன அங்கிள்? கதவைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவர் தரையைப் பார்த்தார். "வந்த புதுசுல நானும் நடந்தனுங்க. கோபியில வாய்க்கால் ஓரமா நாலு மைல் நடக்கற ஆளு நானு. இங்க ஒருத்தர் காரை நிறுத்தி, வழி தப்பிட்டீங்களா, வீடு எதுன்னு கேட்டாருங்க. எனக்கு இங்கிலீஷ் வரல, முழிச்சனுங்க. மகன் பயந்துபோய் இனி வேண்டாம்ப்பான்னுட்டான். நாலு மாசமாச்சுங்க, ஒத்தையில வாசல் தாண்டி."

ஞாயிற்றுக்கிழமை இவர்தான் ஜெர்மனியில் தலைகாட்ட முடியாது என்று எனக்குச் சொன்னவர். அதைச் சொல்லிக்காட்ட நாக்கு துடித்தது. சொல்லவும் செய்தேன். "ஜெர்மனியில நான் தினமும் வெளிய போறேன் அங்கிள். நீங்கதான் இங்க வெளிய போகல."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அதுஞ் சரிதானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத்தான் அப்புறம் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை பத்து மணி. வெயில் அடித்தது, ஆனாலும் நோட்டீஸில் எழுதியிருக்கிறதென்று நிலா மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டாள். வாசலில் வந்து பார்த்தால் எதிர்வீட்டில் ஒருவர் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் புல்லுக்குத் தானியங்கிக் குழாய் உண்டு, தினமும் பார்க்கிறேன். அடுத்த வீட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காபிக் கோப்பையோடு ஒரு ஜோடி. பதினாறு வருடத்தில் இந்த முகங்களில் பாதியைப் பார்த்ததே இல்லை என்று அக்கா என் காதில் சொன்னாள்.

நிலா என் கையை விட்டாள். இறுக்கிப் பிடித்திருந்ததில் கை ஈரமாக இருந்தது. பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தாள். நான் அசையவில்லை. அசைந்தால் ஓடிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் விட்டவர் கையசைத்தார். அவளும் அசைத்தாள். நாற்காலிக்கார அம்மாள் அசைத்தார். அதற்குப் பிறகு அவள் திரும்பவில்லை.

இரண்டு வீடு தள்ளி, வேட்டியும் மகனுடைய ஓட்டக்காலணியுமாகப் பழனிசாமி அங்கிள் நின்றுகொண்டிருந்தார். "கண்ணு, நானும் வரட்டா?" என்று கேட்டது எங்களுக்கும் கேட்டது. நிலா நின்று யோசித்தாள்.

"தனியான்னு எழுதியிருக்கு தாத்தா. நீங்களும் தனியா வாங்க. பின்னாடி."

அவர் இருபது அடி விட்டு நடக்க ஆரம்பித்தார். மஞ்சள் கோட்டும் வெள்ளை வேட்டியும் வளைவில் திரும்பி மறைந்தன. அக்கா போனை எடுத்துக் கேமராவைத் திறந்தாள். அதில் எங்கள் இரண்டு பேரின் முதுகுதான் தெரிந்தது. மூடி வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இருபத்திரண்டாவது நிமிடம் நிலா முதலில் வந்தாள், ஓட்டமும் நடையுமாக. கொத்தமல்லியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். எதிர்வீட்டுக்காரர் கை தட்டினார். அங்கிள் வேர்த்து விறுவிறுத்து வந்து, வாங்கியிருந்த ஒரு பை கறிவேப்பிலையை அக்காவிடம் நீட்டினார்.

"ஒரு பயமும் இல்லீங்க" என்றார். யாரைப் பற்றிச் சொன்னாரோ.

அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அக்கா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "இப்பதான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே. இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க. இப்ப வரலாம்லா?"

அந்தக் கேள்விக்காகத்தான் ஒன்பது நாளும் பயந்துகொண்டிருந்தேன். அவள் கையில் சோப்பு நுரை. ஏழு அறை வீடு. நான் வந்தால் தினமும் என்னோடு சாப்பிடுவாள், மெலிய மாட்டாள். எனக்கும் அவள் வேண்டும். அது பொய்யில்லை.

"ஒவ்வொரு தடவையும் நோட்டீஸ் ஒட்டணுமாக்கா?" என்றேன்.

அவள் குழாயை மூடினாள். "அப்ப வரமாட்ட" என்றாள்.

"வரமாட்டேன்க்கா."

இரண்டு பேரும் அழுதோம். அப்புறம் நான் குமாருக்குப் போன் பண்ணி, வேண்டாமென்று எழுதிவிடுங்கள் என்றேன். காரணம் கேட்டார். கொத்தமல்லி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காதான் விமான நிலையத்துக்கு ஓட்டினாள், ஸ்டியரிங்கைத் தானே பிடித்துக்கொண்டு. தெருமுனையில் தபால் பெட்டியைத் தாண்டும்போது நிலா, "நிறுத்துங்க பெரியம்மா!" என்று கத்தினாள். எங்கள் நோட்டீஸ் இன்னும் அங்கேயே இருந்தது. யாரும் கிழிக்கவில்லை. கீழே இடம் விட்டிருந்த பகுதியில் நீல மையில், குண்டு குண்டாக, தமிழில் எழுதியிருந்தது. அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேருக்குப் படிக்கவே தெரியாத தமிழ்.

'பழனிசாமி. வயது எழுபத்தொன்று. நானும் காணாமல் போகவில்லை. தினமும் நடப்பேன்.'

அக்கா அதை வாய்விட்டுப் படித்தாள். சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், வண்டியை மறுபடி கிளப்பினாள். சிக்னலில் நிற்கும்போது சொன்னாள்.

"நாளைக்கு லெட்டர் எடுக்க நடந்து வருவேன் ஏட்டி."

பின் சீட்டிலிருந்து நிலா கேட்டாள். "தனியாவா பெரியம்மா?"

"தனியாத்தான்."